தோட்டத்தில் ஓர் உயிர் போனால், குடும்பம் எப்போது வழக்குப் போடலாம்?

சாவு வீட்டில் அடிக்கடி காதில் விழும் சொல் "விதி". அடுத்தது, "அவனுக்கு அவ்வளவுதான் எழுதியிருந்தது." துக்கத்தில் இருப்பவருக்கு அது ஆறுதல் தருமென்றால் தரட்டும். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. பதினாறாம் நாள் காரியம் ஆனதும் விபத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. சம்பாதித்த ஆள் போய்விட்டார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், வாடகை கட்ட வேண்டும். அந்தச் சாவுக்கு வேறு யாராவது பொறுப்பா என்று ஒருவரும் கேட்காமலே மூன்று வருடம் ஓடிவிடும். அதற்குப் பிறகு கேட்டும் பலனில்லை. ஏன் பலனில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஒருவர் கவனக்குறைவாக ஒன்றைச் செய்ததாலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதாலோ இன்னொருவர் இறந்தால், இறந்தவரை நம்பி வாழ்ந்த குடும்பம் தவறு செய்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். மலேசியாவில் இதற்கு வழி செய்வது 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம். அதன் 7ஆவது பிரிவு குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பைப் பேசுகிறது. 8ஆவது பிரிவு இறந்தவருக்கே உரிய கோரிக்கை. விபத்து நடந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார் என்றால், அந்தப் பத்து நாள் அவர் பட்ட வலிக்கும் ஆன செலவுக்கும் அவர் சார்பில் கேட்பது. வழக்கமாக இரண்டையும் சேர்த்து ஒரே வழக்காகப் போடுவார்கள்.

இதைப் போலீஸ் கேஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓட்டுநர்மேல் போலீஸ் குற்றம் சாட்டினால் அந்த வழக்கை நடத்துவது அரசாங்கம். தண்டனை அவருக்குக் கிடைக்கும், குடும்பத்துக்குப் பணம் வராது. இழப்பீட்டு வழக்கைக் குடும்பமேதான் தொடுக்க வேண்டும். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டு வழக்கில் "இப்படித்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு" என்று காட்டினால் போதும். அதனால் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார், போலீஸ் கோப்பை மூடிவிட்டது என்று கேள்விப்பட்டதும் எல்லாம் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

நிரூபிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: அந்த ஆளுக்கோ நிறுவனத்துக்கோ கவனமாக நடக்கும் கடமை இருந்தது, அதை அவர்கள் மீறினார்கள், அந்த மீறல்தான் சாவுக்குக் காரணம். மூன்றாவது பல நேரங்களில் சிக்கலானது. கடமையும் இருந்தது, மீறலும் நடந்தது, ஆனால் ஆள் இறந்தது வேறு காரணத்தால் என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

சாலையில் நடப்பது

நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் நடப்பது சாலை விபத்து. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய முதலாம் எண் கூட்டரசு சாலையில் விடியற்காலை நின்று பாருங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஏறி வரும். சிலர் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்), சிலர் தொழிற்சாலை வேலைக்கு. பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதே சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் வரும், வெளியூர்க் காடிகளும் (கார்களும்) வரும். தவறான பக்கத்தில் முந்துவது, சந்திப்பில் நிற்காமல் போவது, பிரேக் சரியில்லாத லோரியை ஓட்டுவது, கட்டாத குலைகள் சாலையில் உருள விடுவது, இவையெல்லாம் கவனக்குறைவுதான்.

இந்த வகை வழக்கில் குடும்பத்துக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சாலையில் ஓடும் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்புறுதி, கட்டாயம். அதனால் ஓட்டுநர் ஏழையாக இருந்தாலும் தீர்ப்புப் பணத்தைக் காப்புறுதி நிறுவனம் கட்டும். வழக்குப் போட்டால் பாவம் அந்தப் பையன் நாசமாவானே என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் பெரிய மனதைக் காட்டுகிறது, ஆனால் பெரும்பாலும் பணம் அந்தப் பையனின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை.

"எங்கள் வீட்டுப் பையனுக்கு லைசென்ஸ் இல்லை, ரோட் டாக்ஸ் முடிந்துவிட்டது, நாங்கள் எப்படிக் கேட்பது?" என்றும் தயங்குவார்கள். லைசென்ஸ் இல்லை என்ற ஒன்று மட்டும் கோரிக்கையை அழித்துவிடாது. விபத்து யாருடைய ஓட்டும் முறையால் நடந்தது என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் தவறு இருந்தால் சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிடும். இறந்தவர்மேல் கால்பங்குத் தவறு என்றால் தொகையில் கால்பங்கு குறையும், மீதி வரும். தலைக்கவசம் போடாதது, விளக்கில்லாமல் ஓட்டியது போன்றவை இந்தப் பங்கீட்டில்தான் வந்து சேரும்.

இடித்துவிட்டு ஓடிப்போன வாகனம்தான் கஷ்டம். எண் தெரியாவிட்டால் யார்மேல் வழக்குப் போடுவது? அங்கே வேகம் முக்கியம். பக்கத்துப் பெட்ரோல் நிலையம், கடை, பின்னால் வந்த காடியின் டேஷ்கேம் எல்லாவற்றையும் அந்த வாரமே விசாரியுங்கள். கேமராப் பதிவுகள் தானாக அழிந்துகொண்டே இருக்கும். துக்க வீட்டில் இருப்பவரால் இதைச் செய்ய முடியாது. ஒரு மாமாவோ சித்தப்பாவோ பொறுப்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய வேலை இது.

வேறு வாகனமே இல்லாத விபத்தும் உண்டு. மழைத்தண்ணீர் நிறைந்த குழியில் மோட்டார் விழுந்தது, சாலை வேலைக்குத் தோண்டிய பள்ளத்துக்கு இரவில் விளக்கு இல்லை, யாரோ கட்டாமல் விட்ட மாடு இருட்டில் குறுக்கே வந்தது. சாலையைப் பராமரிக்க வேண்டியவர், வேலை எடுத்த கான்ட்ராக்டர், மாட்டுக்காரர் என்று பொறுப்பாளி ஒருவர் இருக்கக்கூடும். மறுநாளே குழியை அடைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு அளவுகோலோ செருப்போ வைத்து ஆழம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

வேலையில் நடப்பது

செம்பனை அறுவடையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியும். மரம் வயதானால் அலுமினியக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, நுனியில் அரிவாளைக் கட்டி, தலையை அண்ணாந்து கொண்டு அறுக்க வேண்டும். காம்பு அறுந்ததும் இருபது கிலோவைத் தாண்டும் குலை விழும். அந்த நொடியில் குழாய் ஒரு பக்கமாகச் சாயும், இரண்டு கையாலும் இழுத்து நேராக்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போனால், சாயும் குழாய் அதைத் தொடும். உயரழுத்தக் கம்பியென்றால் தொடக்கூட வேண்டாம், மிக நெருங்கினாலே பாய்ந்துவிடும். அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈர மண்ணில் நிற்கிற மனிதனுக்குத் தப்பிக்க நேரமே இல்லை.

இப்படி ஒரு சாவு நடந்தால் "கவனமா இருந்திருக்கணும்" என்று மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) சொல்லிவிட்டுப் போவார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கம்பிக்கு இவ்வளவு பக்கத்தில் மரம் நட்டது யார்? அந்த நிரையில் குழாய் வைத்து அறுக்கச் சொன்னது யார்? மின்சாரம் பாயாத குழாய் கொடுத்தார்களா? எச்சரிக்கைப் பலகை இருந்ததா? புதிய ஆளுக்கு யாராவது காட்டிக்கொடுத்தார்களா? 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான வேலைமுறை, பயிற்சி, மேற்பார்வை எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. 2024 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த திருத்தத்தோடு முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் ஆனது. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், குடும்பத்துக்கு வராது. ஆனால் அந்த விசாரணையில் வெளிவரும் விவரங்கள் குடும்பத்தின் வழக்குக்கும் உதவும்.

டிராக்டர் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிப் போகும்போது கவிழ்வது, ஆலையில் மூடியில்லாத இயந்திரத்தில் சிக்குவது, கழிவுத் தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் இறக்கிவிடுவது எல்லாம் இந்த வகைதான். மருந்தடிக்கும் அக்காமார்களின் கதை மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதுகில் தொட்டி, கையில் கிழிந்த கையுறை, வெயிலுக்கு மூச்சுமுட்டும் என்று கழற்றிவைத்த முகமூடி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை வருடம் அதை அடித்திருக்கிறார்கள்! வருடக்கணக்கான பாதிப்பால் வந்த சாவு என்று நிரூபிப்பது கடினம். டாக்டரிடம் போகும்போதெல்லாம் "நான் தோட்டத்தில் மருந்தடிக்கிறேன்" என்று சொல்லி, அதை எழுதவும் வைத்தால், பின்னால் அந்தக் குறிப்பு பேசும்.

இங்கேதான் பலர் தெரியாமல் தடுக்கி விழும் ஒரு சட்டம் வருகிறது. வேலையிடச் சாவுக்கு முதலில் போக வேண்டியது பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, நாம் சொக்சோ என்று சொல்லுவோமே, அதற்கு. அதற்கான 1969ஆம் ஆண்டு சட்டப்படி சந்தாதாரர் வேலையால் இறந்தால் அவரை நம்பியிருந்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேலை முடிந்து திரும்பும் வழியில் நடந்த விபத்தும் இதில் அடங்கும். பெரட்டுக்குப் போகும்போது சாலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு இது தெரியாமலே போய்விடக்கூடாது. முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் கோரிக்கையைப் போடுங்கள். சந்தா கட்டப்பட வேண்டிய தொழிலாளியா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதில் சேர்ந்தார்கள். பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்த நேப்பாளிப் பையன் இறந்தால் அவன் ஊரில் இருக்கும் தாய்க்கும் உரிமை இருக்கிறது. அதை அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு, சொக்சோ பாதுகாப்புள்ள தொழிலாளி வேலைக் காயத்தால் இறந்தால் குடும்பம் அவருடைய முதலாளிமேலோ, அதே முதலாளியின் இன்னொரு ஊழியர்மேலோ இழப்பீட்டு வழக்குப் போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நான் இதை நியாயமான ஏற்பாடு என்று நினைக்கவில்லை. மோசமான முதலாளியும் நல்ல முதலாளியும் ஒரே சந்தாவைக் கட்டிவிட்டு ஒரே பாதுகாப்புக்குள் ஒளிந்துகொள்ள இது இடம் தருகிறது. ஆனால் சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது, தெரிந்துகொண்டு போவதே நல்லது.

தடை முதலாளிக்குத்தான், மற்றவர்களுக்கு இல்லை. மின்கம்பிக்குப் பொறுப்பானவர், வெளி நிறுவனத்து லோரி, குறைபாடான இயந்திரத்தைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர் ஆகியோர்மேல் வழக்குப் போட முடியும். வேலைக்குப் போகும் வழியில் வேறொருவர் காடி இடித்துச் செத்தால் சொக்சோவும் கேட்கலாம், அந்தக் காடிக்காரர்மேல் வழக்கும் போடலாம். "சொக்சோ வாங்கிட்டீங்கல்ல, அப்புறம் என்ன?" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது அறுவடை வேலை பலவும் கான்ட்ராக்டர் கையில் இருக்கிறது. உண்மையான முதலாளி யார் என்பதே பெரிய கேள்வியாகிவிடும். சம்பளச் சீட்டில் யார் பெயர், யார் வங்கியில் போட்டார்கள் என்பதைப் பார்த்து வையுங்கள்.

குளம், ஆஸ்பத்திரி, லாக்கப்

பிள்ளைகள் தண்ணீரில் மூழ்குவது தோட்டப்புறத்தின் பழைய சாபம். ஆலைக் கழிவுக் குளம், மணல் எடுத்த பள்ளம், பழைய ஈயச் சுரங்கக் குட்டை. ஆலைக் குளத்தின் மேலே ஏடு கட்டிப் பார்க்கத் தரைபோல இருக்கும். பிள்ளைக்கு அது ஆபத்து என்று தெரியாது, ஆனால் இடத்துக்குச் சொந்தக்காரருக்குத் தெரியும். லயத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவதும் தெரியும். தெரிந்தும் வேலி போடாமல், இருந்த வேலி அறுந்தும் கட்டாமல் விட்டால் அது கவனக்குறைவு. "அத்துமீறி நுழைந்தான்" என்ற பதிலைப் பிள்ளை விஷயத்தில் நீதிமன்றம் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் நடந்தால் ஆசிரியர்களின் மேற்பார்வைக் கடமை வரும்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் நிதானம் வேண்டும். நோயாளி இறந்தார் என்பதாலேயே டாக்டர் தவறு செய்தார் என்றாகிவிடாது. எல்லாம் சரியாகச் செய்தும் போகிற உயிர்கள் உண்டு. கேள்வி, அந்த நிலையில் தகுதியுள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்தாரா என்பது. தோட்டத்து ஆள் கடுமையான காய்ச்சல், உடல்வலி, கண் மஞ்சளோடு போகிறார். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டிய ஆள் அவர். என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் பெனடோல் கொடுத்து இரண்டு முறை திருப்பி அனுப்பினால், அதை வேறொரு நிபுணரிடம் காட்டிக் கேட்பதில் தவறே இல்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கைக் கவனிக்காமல் விட்டது, ஒவ்வாமை என்று கோப்பில் எழுதியிருந்தும் அதே மருந்தைக் கொடுத்தது போன்றவையும் அப்படித்தான். முதலில் முழு மருத்துவ அறிக்கையை எழுத்துமூலம் கேட்டு, கட்டணம் கட்டி வாங்குங்கள். நிபுணர் கருத்து இல்லாமல் இந்த வழக்குகள் நிற்காது.

போலீஸ் காவலில் ஏற்படும் சாவு நம் சமூகத்தை அதிகம் வாட்டியிருக்கிறது. இதில் மரண விசாரணை நடத்துவதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. குடும்பமும் தனியாக வழக்குப் போடலாம். 2009-இல் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த குகனின் குடும்பம் தொடுத்த வழக்கில், 2013-இல் உயர் நீதிமன்றம் போலீஸும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இரண்டாவது பிரேதப் பரிசோதனையைக் குடும்பம் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது அந்த வழக்கில் பெரிதும் உதவியது.

யாருக்காகக் கேட்கலாம்

7ஆவது பிரிவின் கீழ் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், இறந்தவரின் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளி. பெற்றோர் என்பதில் தாத்தா பாட்டியும், பிள்ளை என்பதில் பேரன் பேத்தியும் மனைவியின் முன்கணவர் பிள்ளைகளும் அடங்குவார்கள். திருமணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்ற உறவுக்காக மட்டும் யாரும் இதில் வரமாட்டார்கள். தங்கையைப் படிக்கவைத்த அண்ணன் இறந்தால் அவளுக்கென்று இந்தப் பிரிவில் ஒன்றும் கேட்க முடியாது.

கல்யாணப் பதிவு ஒரு பெரிய விஷயம். 1982 மார்ச் 1-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, இருபது வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும் பதிவில்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் "இவர் மனைவியே இல்லை" என்று எழுந்து நிற்பார். தாலியைக் கழற்றிவைத்த பெண் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும். பதிவு செய்யாதவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஜே.பி.என். (தேசியப் பதிவு இலாகா) போய் முடித்துவிடுங்கள். வளர்ப்புப் பிள்ளையும் சட்டப்படி தத்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு சாவுக்கு 7ஆவது பிரிவில் ஒரே ஒரு வழக்குதான். அதனால் உரியவர்கள் எல்லோருடைய பெயரும் அதே வழக்கில் இருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீடுகளில் இது பிரச்சினையாகும். மருமகள் தனியாகப் போய்ப் போட்டு, மாமியார் பெயரை விட்டுவிட்டால் பின்னால் அந்தத் தாய் தனி வழக்குப் போட முடியாது. கோபம் இருந்தால் இருக்கட்டும், பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

எவ்வளவு வரும்

2019 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி துயர இழப்பீடு, அதாவது உறவை இழந்த துயரத்துக்கென்று சட்டம் வைத்திருக்கும் தொகை, 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட் ஆனது. இது கணவன் அல்லது மனைவிக்கும், மணமாகாத சிறுவயதுப் பிள்ளை இறந்தால் பெற்றோருக்கும் உரியது. ஈமச் செலவைத் தனியாகக் கேட்கலாம். பெட்டி, வண்டி, சுடுகாடு, பந்தல் என எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

பெரிய தொகை வருவது "ஆதரவு இழப்பு" என்ற கணக்கிலிருந்து, அதாவது இறந்தவர் வீட்டுக்குக் கொடுத்துவந்த பணம் நின்றுபோனதற்கு. ஓர் உதாரணம். நாற்பது வயது லோரி ஓட்டுநர், மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட். தனக்கென்று 900 செலவழிப்பார், வீட்டுக்கு 1,700 கொடுப்பார். சட்டம் 60 வயதிலிருந்து இறந்த வயதைக் கழித்து இரண்டால் வகுக்கச் சொல்கிறது. 60-இல் 40 போனால் 20, பாதி 10. அதாவது பத்து வருடக் கணக்கு. 1,700-ஐப் பன்னிரண்டால் பெருக்கி, பத்தால் பெருக்கினால் 204,000. துயர இழப்பீடு 30,000 சேர்த்தால் 234,000. அவர்மேல் கால்பங்குத் தவறு என்று நீதிமன்றம் சொன்னால் 175,500 ஆகும். இறந்தவருக்கு 30 வயதோ அதற்குக் குறைவோ என்றால் 16 வருடக் கணக்கு. இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணமோ ஆயுள் காப்புறுதிப் பணமோ வந்ததற்காக இதில் கழிக்கக்கூடாது.

சம்பளச் சீட்டு இல்லாத வீடுகளில் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. கையில் வாங்கி, மனைவி கையில் கொடுத்த பணத்துக்கு என்ன ஆதாரம்? மளிகைக் கடைப் பற்றுவரவுப் புத்தகம், டியூஷன் ஆசிரியர், மோட்டார் தவணை, மாமியாருக்கு மாதம் அனுப்பிய வங்கிக் குறிப்பு எல்லாம் ஆதாரம்தான்.

இந்தச் சட்டத்தில் என் மனதை வருத்தும் இடம் இது. 60 வயதைத் தொட்டவரின் வருமான இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டத்தில் 62 வயதிலும் புல் வெட்டிப் பேரனுக்குப் பால்மாவு வாங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்த அம்மா இறந்தால், மனைவியின் சேவையும் துணையும் போயிற்று என்ற காரணத்துக்காக மட்டும் கணவருக்கு இழப்பீடு கிடையாது என்று சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. அவர் இரவுச் சந்தையில் வடை போட்டு விற்றிருந்தால், தையல் தைத்திருந்தால் அது வருமானம். அதைக் கட்டாயம் சொல்லுங்கள். "அம்மா சும்மாதான் வீட்ல இருந்தாங்க" என்று வக்கீலிடம் சொல்லிவிடாதீர்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்காது.

காலக்கெடுவும் காகிதங்களும்

7ஆவது பிரிவு வழக்கை இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரி, பொதுப்பணி இலாகா, போலீஸ் போன்ற அரசு அமைப்பு என்றால் 36 மாதக் கெடு தனிச் சட்டமாகவே இருக்கிறது. போலீஸ் விசாரணை முடியட்டும், மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் கெடுவைத் தவறவிடுவார்கள். கெடு எதற்காகவும் நிற்காது. 8ஆவது பிரிவுக் கோரிக்கைக்கு இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம் வாங்க வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

மரணச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸ் ரிப்போர்ட், ரஜா காசார் எனப்படும் விபத்து வரைபடம், திருமண, பிறப்புச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டு. இவற்றை ஒரு கோப்பில் போட்டு, நகல் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். லயத்து அலமாரியைக் கறையான் விடாது.

இன்னொரு எச்சரிக்கை. சவக்கிடங்கு வாசலிலேயே சில ஆட்கள் வந்து நிற்பார்கள். "அக்கா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, வர்ற பணத்துல முப்பது பர்சென்ட்தான்." இழுவை வண்டிக்காரரோடு சேர்ந்து வருபவர்களும் உண்டு. வெற்றித் தொகையில் பங்கு பேசி வழக்கு எடுப்பதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிக்கவில்லை. எந்தக் காகிதத்திலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலாளி தரப்பில் ஐயாயிரம் ரிங்கிட்டைக் கவரில் வைத்து "முழுத் தீர்வு" என்று எழுதிய தாளை நீட்டினாலும் அதே பதில்தான். வக்கீலை நீங்களே அலுவலகத்தில் போய்ப் பாருங்கள், கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். வாகன விபத்து வழக்கு என்றால் தொகை எவ்வளவு பெரியதானாலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே நடத்தலாம், உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்தால் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதும் நீதிமன்றம்தான். 18 வயது ஆகாத பிள்ளைகளின் பங்கு தாயின் கையில் நேரே வராது, பிள்ளையின் பேரில் போட்டுவைக்கச் சொல்லும். இதைப் பார்த்துச் சில தாய்மார்கள் தங்களை நம்பவில்லையோ என்று மனம் நொந்துபோகிறார்கள். அந்தப் பணத்தை வேறு யாரும் தொடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இடையில் பள்ளிக் கட்டணம், கணினி, மருத்துவச் செலவு என்று தேவை வந்தால், ரசீதோடு விண்ணப்பித்து ஒரு பகுதியை எடுக்க முடியும். எப்படி விண்ணப்பிப்பது, யாரிடம் போவது என்பதைத் தீர்ப்பு வந்த அன்றே வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த பள்ளித் தவணை தொடங்கும்போதே தேவை வரலாம்.